பாத்திக்கும் ஒரு கோமுகி

(சித்தியவான் ஆலய நந்தவனத் திருப்பணி நாளில் ஆற்றிய உரை)

 

ஆன்மிகம் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் சேற்றைப் பற்றிப் பேசப் போகிறேன். பொறுத்தருள வேண்டும்.

நம் ஆலயத்தின் வெளிப் பிரகாரத்தில், கூரையின் கீழ், நான்கு செடிப் பாத்திகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அவற்றில் துளசி வைத்தோம், பட்டது. மறுபடி வைத்தோம், மறுபடியும் பட்டது. மூன்றாம் முறையும் பட்டபோது, "ஏதோ தெய்வக் குறை இருக்கிறது" என்று சிலர் வருந்தினார்கள். "பாத்திகளை மூடி ஓடு பதித்துவிடலாம், பிளாஸ்டிக் செடி வைத்தால் செலவும் இல்லை, அழுக்கும் இல்லை" என்று வேறு சிலர் சொன்னார்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இது முடிவுக்கு வரவிருக்கிறது. அதற்கு முன் உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். குறை தெய்வத்திடம் இல்லை. துளசியிடமும் இல்லை. குறை நம்மிடம், அதிலும் பெரும்பங்கு என்னிடம்.

மண்டபம் கட்டியபோது அடித்தளத்துக்குத் தோண்டிய களிமண்ணையே அந்தப் பாத்திகளில் நிரப்பினோம். அடியிலும் சுற்றிலும் சிமெண்டு. நீர் வெளியேற ஒரு துளைகூட வைக்கவில்லை. பாத்தி என்று நாம் பெயர் வைத்தது உண்மையில் ஒரு தொட்டி. பக்தியுடன் வருகிறவர்கள் ஆளுக்கொரு செம்பு நீர் ஊற்றினார்கள். இலை மஞ்சளானது. தாகம் என்று நினைத்து இன்னொரு செம்பு ஊற்றினார்கள். ஒருநாள் நான் தோண்டிப் பார்த்தேன். மண் நீலச் சாம்பல் நிறத்தில், அழுகிய முட்டை நாற்றத்துடன் இருந்தது. வேர்கள் கறுத்துக் கூழாகியிருந்தன. அந்தச் செடிகள் தாகத்தால் சாகவில்லை. மூச்சுத் திணறிச் செத்தன.

வேருக்கும் மூச்சுண்டு. களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. துகள்களுக்கு இடையே உள்ள சந்துகள் அவ்வளவு குறுகலானவை என்பதால், உள்ளே போன நீரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டா. சந்துகளில் நீர் நின்றுவிட்டால் காற்று நுழைய வழியில்லை. காற்றில் பரவுவதைவிட நீரில் பிராணவாயு ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. திறந்தவெளித் தோட்டமாக இருந்தால் வெயிலும் காற்றும் கொஞ்சம் ஈரத்தைக் கொண்டுபோகும். கூரையின் கீழே அந்த உதவியும் குறைவு.

இனி நான் செய்த தவறு. களிமண் இறுகியிருக்கிறது, மணல் கலந்தால் இளகும் என்று நானே சொல்லி, பத்து மூட்டை ஆற்றுமணல் வாங்கிக் கலக்கச் செய்தேன். பாத்தி செங்கல்லைப் போல இறுகிற்று. மணல் பாதிக்கும் குறைவாக இருந்தால், மணலின் இடைவெளியைக் களிமண் நிரப்பி அடைத்துக்கொள்ளும். மணலால் பயன் வேண்டுமானால் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும். அப்படியானால் பாத்தி மண்ணையே மாற்றியதாகிவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியவன் நான். இந்தப் பாடத்தைத் துளசியிடம்தான் படித்தேன்.

அடியில் கூழாங்கல் பரப்பினால் போதும் என்று பலர் நினைக்கிறோம். அதுவும் முழு உண்மை அன்று. இதோ, பாத்திரம் கழுவும் பஞ்சு ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். நீரில் நனைத்துப் படுக்கையாகப் பிடிக்கிறேன். கொஞ்சம் சொட்டி நின்றுவிட்டது பாருங்கள். இப்போது அதே பஞ்சை நிமிர்த்திப் பிடிக்கிறேன். மறுபடி சொட்டுகிறது. பஞ்சு அதேதான், உயரம்தான் கூடியது. மண்ணும் அப்படித்தான். அடிப்பகுதியில் ஒரு கனத்துக்கு ஈரம் எப்போதும் தங்கும். கல்லைப் பரப்பினால் அந்த ஈரம் கல்லுக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் அருகில் வந்து நிற்கும். பாத்தியை உயர்த்தினால்தான் வேருக்கு ஈரம் தேங்காத மண் கிடைக்கும்.

சென்ற ஆண்டு ஒரு பாத்தியை மட்டும் திருத்தினோம். செய்த முறையைச் சொல்கிறேன். வீட்டில் களிமண் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும்.

முதலில் சோதனை. ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நீர் நிரப்பி வடிய விட வேண்டும். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் அளக்க வேண்டும். இரண்டரை செண்டிமீட்டருக்குக் குறைந்தால் வடிகால் போதாது. நம் பாத்தியில் ஒரு செண்டிமீட்டர்கூட இறங்கவில்லை.

இரண்டாவது, வழி. பாத்திச் சுவரின் அடியில் துளையிட்டு, துளைகள் உள்ள பிவிசி குழாயை வெளிக்கானை நோக்கிச் சாய்வாகப் பதித்தோம். நூறு அடிக்கு ஓர் அடி சாய்வு போதும். மண் புகுந்து அடைக்காதபடி குழாயைச் சுற்றிச் சல்லிக் கல்லும் வடிதுணியும் வைத்தோம். குழாயின் வாயில் நீர் தேங்கவிடாமல் கொசுவலை கட்டினோம். டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடி அளவு நீர் போதும்.

மூன்றாவது, உயரம். சுவரில் இரண்டு வரிசைக் கல் ஏற்றினோம்.

நான்காவது, மண். மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரமும் கருக்கிய உமியும் கலந்தோம். நம் பேராக்கில் கிரியானிலும் செபராங் பேராக்கிலும் நெல் விளைகிறது, உமிக்குப் பஞ்சமில்லை. செம்பனை ஆலைகளில் கழிக்கும் வெற்றுக் குலைகளை மக்கவைத்த உரமும் நல்லது. மக்கிய பொருள் களிமண் துகள்களைச் சிறு உருண்டைகளாகச் சேர்க்கும். உருண்டைகளுக்கு இடையே காற்று போகும். நம் வெப்பத்தில் உரம் விரைவாகக் கரைந்துவிடுவதால் ஆண்டுதோறும் சேர்க்க வேண்டும். ஈரக் களிமண்ணைக் கொத்தக் கூடாது. ஒரு பிடி எடுத்து உருட்டிப் பாருங்கள். கயிறுபோல நீண்டு பளபளத்தால் அன்று மண்வெட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

ஜிப்சம் போடலாமா என்று கேட்கிறார்கள். கடலுப்பு ஏறி, சோடியம் மிகுந்த களிமண்ணுக்கு அது உதவும். மற்ற மண்ணுக்குப் பெரும்பயன் இல்லை. இன்னொன்று, நம் மேற்குக் கரையோரக் களிமண்ணில் சில இடங்களில் பைரைட் என்னும் இரும்புக் கந்தகத் தாது உண்டு. ஆழத்திலிருந்து அதைத் தோண்டி வெளியே போட்டால் காற்றுப் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகும். மண்ணில் வைக்கோல் மஞ்சள் கறை தெரிந்தால் ஐயப்பட வேண்டும். ஆகவே எதையும் வாங்கிக் கொட்டுவதற்கு முன் விவசாய இலாகாவை அணுகி மண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது.

எட்டு மாதம் ஆகிறது. அந்தப் பாத்தியில் இப்போது ஒரு மணி நேரத்தில் ஆறு செண்டிமீட்டர் நீர் இறங்குகிறது. வைத்த துளசி பூத்து, விதை விழுந்து, பக்கத்தில் கன்றுகளும் முளைத்திருக்கின்றன. அர்ச்சகர் அதிலிருந்துதான் தினமும் பறிக்கிறார்.

அன்பர்களே, இது நமக்குப் புதிய வித்தை அன்று. பாகான் டத்தோ பக்கத்துத் தென்னந்தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். கடல்மட்டத்தோடு கிடந்த களிமண்ணில் வரப்புக் கட்டி, கான் வெட்டி, கடல் வற்றும்போது மதகைத் திறந்து, ஏறும்போது மூடித்தான் அங்கே தென்னை வளர்ந்தது. அந்தக் கானை வெட்டியவர்களில் நம் பாட்டன்மார் உண்டு. வடிகால் இல்லாவிட்டால் வேர் அழுகும் என்று எந்தப் பள்ளிக்கும் போகாமலே அறிந்தவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் துளை இல்லாத தொட்டி கட்டினோம்.

கோயில் கட்டிய சிற்பிகளும் இதை மறக்கவில்லை. கருவறையைப் பாருங்கள். எத்தனை குடம் அபிஷேகம் செய்தாலும் நீர் அங்கே தேங்குவதில்லை. பெரும்பாலும் வடபுறத்தில் கோமுகி வைத்து அதற்கு வழிவிட்டிருக்கிறார்கள். இறைவனுக்கு ஊற்றும் நீருக்கே வழி வேண்டுமென்றால், செடிக்கு ஊற்றும் நீருக்கு வேண்டாமா? இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். அபிஷேகப் பாலையும் எண்ணெயையும் பாத்தியில் சேர்க்காதீர்கள். கொழுப்பு மண்ணை அடைக்கும். செடிக்கு நீர் ஊற்றுமுன் விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று செம்பை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். அதுவும் தொண்டுதான்.

பெரியபுராணத்தில் தண்டியடிகள் வரலாறு நீங்கள் கேட்டதுதான். கண் தெரியாத அவர் திருவாரூர்க் குளத்தைத் தூர்வாரத் துணிந்தார். கம்பு நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். கோபுரம் கட்டவில்லை, மண் அள்ளினார். அதற்காகவே நாயன்மார் வரிசையில் இருக்கிறார்.

நன்கொடையாளர்களிடம் மனம் திறந்து பேசுகிறேன். செடி வாங்கிக் கொடுத்தால் தொட்டியில் உங்கள் பெயரை எழுதி வைக்கலாம். ஓடு பதித்தால் கல்லில் பொறிக்கலாம். மண்ணுக்குள் போகும் குழாயில் பெயர் பொறிக்க வழியில்லை. ஆனால் அந்தக் குழாய் இல்லாவிட்டால் நீங்கள் கொடுத்த செடி மூன்று மாதத்தில் குப்பைக்குப் போகும். போன ஆண்டுகளில் போயிருக்கிறது. அந்தக் கணக்கை நான் மறைக்கப் போவதில்லை.

இன்னும் மூன்று பாத்திகள் இருக்கின்றன. அவற்றை மூடுவதற்கு முன் நிர்வாகம் ஓர் ஆண்டு தவணை தர வேண்டுகிறேன். குழாய்க்கும் கல்லுக்கும் பெரும் பணம் தேவையில்லை. ஆள்தான் வேண்டும். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, மழை இல்லாவிட்டால், மண்வெட்டியுடன் இரண்டாம் பாத்தி அருகே நிற்பேன். இளைஞர்கள் வாருங்கள். ஓராண்டு கழித்தும் துளசி பட்டால், ஓடு பதிக்க முதல் நன்கொடையை நானே தருகிறேன்.

அம்பாள் அனைவருக்கும் நல்லருள் புரிவாளாக.