சட்டைப் பையில் லினக்ஸ்



2025ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டுக் கணினி படுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும். நீலத் திரையில் நாலைந்து ஆங்கில வரிகள் தோன்றும். பிறகு தானாகவே அணைந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். ஏழெட்டு முறை முயன்றோம், பலனில்லை.

ஒரு பழைய கணினி போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அதற்குள் எங்கள் தாயாரின் தாள்கள் இருந்தன.

எங்கள் தாயார் தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே வளர்ந்தவர். இன்னும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர். அவருடைய குடியுரிமை மனுவுக்காகப் பல ஆண்டுகள் அலைந்து சேர்த்த தாள்களில், அவரைப் பிறந்தது முதல் அறிந்த இரண்டு பெரியவர்கள் கையெழுத்திட்ட வாக்குமூலமும் உண்டு. அந்தப் பெரியவர்கள் இருவரும் இப்போது இல்லை. மூலத் தாள்களில் பாதி, 2017 நவம்பரில் பினாங்கையே புரட்டிப் போட்ட வெள்ளத்தில், நாங்கள் அப்போது குடியிருந்த வாடகை வீட்டிலேயே ஊறிக் கூழாகிவிட்டன. முன்னதாக ஸ்கேன் செய்து கணினியில் வைத்திருந்ததுதான் மிச்சம். இன்னோர் இடத்தில் ஒரு பிரதி வைக்காதது எங்கள் தவறு, அதை மறைக்கவில்லை.

பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரத் தம்பி ஐந்து நிமிடம் பார்த்தார். "அண்ணே, விண்டோஸ் போயிடுச்சு. பார்மட் அடிச்சுப் புதுசா போட்டுத் தரேன். உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும், பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கணினியை மறுபடியும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம்.

அன்றிரவு எங்கள் அண்ணன் மகன் வந்தான். "சித்தப்பா, அவசரப்படாதீங்க. கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கிற விண்டோஸ்தான் எழுந்திருக்க மாட்டேங்குது. நாம வேற ஒண்ணை வெச்சு எழுப்பிப் பார்ப்போம்" என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தான்.

அந்தப் பென்டிரைவில் என்ன இருந்தது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்டோம்.

கணினி என்பது இரண்டு சங்கதி. ஒன்று, கையால் தொடக்கூடிய இயந்திரம். மற்றொன்று, அந்த இயந்திரத்தை வேலை வாங்கும் இயங்குதளம். விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸ் இன்னோர் இயங்குதளம். சாதாரணமாக இயங்குதளம் கணினியின் ஹார்ட் டிஸ்கில் குடியிருக்கும். நம்முடைய படங்களும் கடிதங்களும் அதே ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கும். அதனால்தான் இயங்குதளம் கெட்டதும் எல்லாமே போய்விட்டதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் வீட்டுக்காரர் நோயில் கிடக்கிறார். வீட்டுச் சாமான்கள் வைத்த இடத்தில் அப்படியேதான் இருக்கின்றன.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். வெளியூரிலிருந்து ஒரு சமையற்காரர் வருவார். அண்டா, கரண்டி, மசாலா எல்லாம் அவரே கொண்டுவருவார். நம் வீட்டு அடுப்பும் முற்றமும் மட்டும் அவருக்குப் போதும். ஐந்நூறு பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விடுவார். நம் அலமாரியை அவர் திறப்பதில்லை. பென்டிரைவில் வரும் லினக்ஸும் இப்படித்தான். கணினியின் செயலி அதற்கு அடுப்பு. ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம் அதற்கு முற்றம். வேலை முடிந்து கணினியை அணைத்தால் ரேமில் இருந்தது அத்தனையும் கலைந்துவிடும். ஹார்ட் டிஸ்கில், நாமாகக் கைவைத்தாலொழிய, எதுவும் மாறியிருக்காது.

லினக்ஸின் கருவை 1991இல் எழுதத் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவர் பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவர். அதை ஹார்ட் டிஸ்கில் ஏற்றாமல் தட்டிலிருந்தே ஓட்டுவதற்குச் சிலர் ஏற்கெனவே வழி கண்டிருந்தாலும், ஊரெங்கும் பரவச் செய்தது 2000ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பொறியாளர் கிளாவுஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ். 700 எம்பி மட்டுமே கொள்ளும் குறுந்தட்டில் கிட்டத்தட்ட 2 ஜிபி அளவுள்ள மென்பொருள்களைச் சுருக்கி அடைத்து, வேண்டியதை வேண்டியபோது விரித்துக்கொள்ளும்படி அமைத்தார். அவருடைய மனைவி பார்வைக் குறைபாடு உள்ளவர். அவருக்காகத் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் ஓர் அமைப்பை உருவாக்கி, அதையும் நாப்பிக்ஸில் சேர்த்தார். வீட்டுத் தேவைக்குச் செய்தது உலகத்துக்கே பயன்பட்டது.

அதே 2000ஆம் ஆண்டில் நம் பக்கத்துச் சிங்கப்பூரிலிருந்து டிரெக் 2000 என்ற நிறுவனம் 'தம்டிரைவ்' என்ற பெயரில் கட்டைவிரல் அளவுச் சேமிப்பானை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காலப்போக்கில் குறுந்தட்டு செய்த வேலையைப் பென்டிரைவ் எடுத்துக்கொண்டது. இப்போது வரும் மடிக்கணினிகளில் குறுந்தட்டு போடும் இடமே பெரும்பாலும் இல்லை.

இங்கே நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து காவான் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம். பிறகு ரப்பர், தென்னை, செம்பனை என்று மாறி மாறி வந்தது. எங்கள் தாயார் பால் வெட்டியிருக்கிறார். பிற்பாடு செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கியிருக்கிறார். 2014 மார்ச்சு முதல் நாள் 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பிறகு இந்த இடத்தின் முகமே மாறிவிட்டது. தமிழ்ப்பள்ளியின் பெயரில் 'தோட்டம்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் தொழிற்சாலைகள். அவற்றுள் மைக்ரான் நிறுவனம் 2023 அக்டோபரில் இங்கே தன் இரண்டாவது ஆலையைத் திறந்தது. பென்டிரைவின் வயிற்றில் இருப்பதும் ஃபிளாஷ் நினைவகச் சில்லு என்ற இனத்தைச் சேர்ந்ததுதான். அந்த இனத்துச் சில்லுகளைப் பொருத்திச் சோதித்து அனுப்பும் வேலை இந்த மண்ணில் நடக்கிறது. நம் பிள்ளைகள் தலை முதல் கால் வரை வெள்ளை உடை அணிந்து இரவு முறையில் அந்த வேலைக்குப் போகிறார்கள். அப்படியிருக்க, நினைவகம் என்றாலே நாம் மிரளுவானேன் என்று எங்களுக்குத் தோன்றும்.

சரி, அன்றிரவு நடந்ததற்கு வருவோம். பையன் கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்திய கையோடு எஃப் 12 என்ற விசையைத் திரும்பத் திரும்பத் தட்டினான். எதிலிருந்து எழுந்திருக்கட்டும் என்று கணினியே கேட்டது. இந்த விசை எல்லாக் கணினிக்கும் ஒன்றல்ல. டெல், லெனோவோ போன்றவற்றில் பெரும்பாலும் எஃப் 12, எச்.பி.யில் எஸ்கேப் அல்லது எஃப் 9. பட்டியலில் யுஎஸ்பி என்றிருந்ததைத் தேர்ந்தெடுத்தான். ஒன்றிரண்டு நிமிடம் கறுப்புத் திரை. எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு பச்சை இலைச் சின்னத்தோடு லினக்ஸ் மின்ட் வந்து நின்றது. செத்துவிட்டதாக நினைத்த கணினியில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

திரையின் ஓரத்தில் 'லினக்ஸை நிறுவு' என்ற பொருளில் ஒரு படம் இருந்தது. அதைத் திறக்கப் போன எங்கள் கையைப் பையன் பிடித்து இழுத்தான். நேயர்கள் இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். விருந்தாளியை நிரந்தரமாகக் குடிவைக்கும் பொத்தான் அது. வட்டு முழுவதையும் அழித்து நிறுவு என்பதற்கு நாம் சம்மதித்துவிட்டால், கடையில் வேண்டாம் என்று சொன்ன அதே காரியத்தை நம் கையாலேயே செய்தவர்கள் ஆவோம்.

கோப்புகளைக் காட்டும் பெட்டியைத் திறந்ததும் ஹார்ட் டிஸ்கின் பெயர் தெரிந்தது. அதைத் தட்டினால், திறக்க முடியாது என்று பதில் வந்தது. விண்டோஸ் ஒழுங்காக மூடப்படாமல் பாதியில் விழுந்துவிட்டால் லினக்ஸ் இப்படித் தயங்குவது உண்டு. படிக்க மட்டும் திற, எழுதாதே என்று ஒரு வரிக் கட்டளையைப் பையன் தட்டச்சு செய்தான். திறந்துகொண்டது. எடுத்துக்கொள்ள வந்த இடத்தில் எழுதும் உரிமை எதற்கு? இதுவே நமக்குப் பாதுகாப்பு.

இந்த வழி எல்லா நோய்க்கும் மருந்தல்ல. ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று ஓசையிட்டால் அது இயந்திரத்தின் நோய். மேலும் ஓட்ட ஓட்டக் கெடும். உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் கொடுப்பதுதான் நல்லது. புதிய கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்ற பூட்டும் போட்டிருக்கும். அதற்கு 48 இலக்கம் கொண்ட மீட்புச் சாவி உண்டு. அது இல்லாமல் லினக்ஸானாலும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. கணினி நன்றாக இருக்கும்போதே அந்த எண்ணைத் தேடி ஒரு தாளில் எழுதி, பிறப்புப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.

இதற்கு எவ்வளவு செலவு என்று தாய்மார்கள் கேட்பீர்கள். லினக்ஸுக்குக் காசு இல்லை. இலவசம் என்றாலே நமக்குச் சந்தேகம் வரும். கோயில் அன்னதானம் தவிர இலவசமாகக் கொடுத்ததையெல்லாம் பிறகு சம்பளத்தில் பிடித்த காலத்தைக் கண்டவர்கள் நாம். இது அப்படியல்ல. யாரும் எடுக்கலாம், பிரதி செய்து பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று அதன் உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. வேண்டியது 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, ஒழுங்காக ஓடும் இன்னொரு கணினி, ஏறக்குறைய 3 ஜிபி இறக்கிக்கொள்ள இணையம். கைப்பேசி டேட்டாவில் இறக்கினால் மாதக் காசு கரைந்துவிடும். வீட்டு இணையம் உள்ளவர்களிடம் கேட்டு வாங்குவது உத்தமம். இறக்கிய கோப்பைப் பென்டிரைவுக்கு அப்படியே இழுத்துப் போட்டால் கணினி அதிலிருந்து எழாது. ரூஃபஸ், எட்சர் போன்ற எழுதும் மென்பொருள் ஒன்றைக் கொண்டுதான் எழுத வேண்டும். அப்படி எழுதும்போது பென்டிரைவில் முன்பு இருந்தது அழிந்துபோகும். பிள்ளையின் பள்ளிப் பாடம் இருக்கும் பென்டிரைவை எடுத்துவிடாதீர்கள்.

பழைய கணினி வாங்கப் போகும்போதும் இந்தப் பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு அங்கேயே ஓட்டிப் பாருங்கள். திரை, விசைப்பலகை, ஒலி, வைஃபை, கேமரா எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கல்வி அமைச்சு எடுத்த கணக்கில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியுமே இல்லை என்று தெரிந்தது. அந்தப் பதற்றத்தில் அகப்பட்டதை வாங்கி ஏமாந்த குடும்பங்களை எங்களுக்குத் தெரியும். அவற்றில் எங்கள் குடும்பமும் ஒன்று.

எங்கள் கணினி படுத்த அதே வாரத்தில், அக்டோபர் 14ஆம் நாள், விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றன. விண்டோஸ் 11ஐ ஏற்க முடியாத பழைய கணினிகள் தோட்டப்புற வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் ஏராளம். இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் அவற்றில் ஒருமுறை லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். 4 ஜிபி ரேம் இருந்தால் மின்ட்டின் எளிய வகை சுமாராக நடக்கும். அதற்கும் குறைவென்றால் பப்பி லினக்ஸ் என்ற சிறிய வகை உண்டு. பென்டிரைவிலிருந்து ஓடுவது மெதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து லினக்ஸையே குறை சொல்லிவிடக் கூடாது. பிடித்திருந்தால், படங்களையும் தாள்களையும் வேறிடத்தில் பத்திரப்படுத்திய பிறகு, அப்போது நிறுவிக்கொள்ளலாம். தமிழ் எழுத்துரு கூடவே வரும். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் தமிழில் தட்டச்சும் செய்யலாம். பள்ளிப் பாடங்களில் உலாவியில் நடப்பவை அதிலும் நடக்கும். விண்டோஸுக்கென்றே செய்த சில மென்பொருள்களும் விளையாட்டுகளும் ஓடா. பிள்ளைகள் இதைச் சொல்லி முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள், முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம்.

எங்கள் படங்களையும் தாள்களையும் வெளி டிஸ்கில் இறக்கி முடிக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிடித்தது. நள்ளிரவு தாண்டிவிட்டது. வாக்குமூலத் தாளைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். இரண்டு கையெழுத்தும் தெளிவாக இருந்தன. பையன் லினக்ஸை மூடி, பென்டிரைவை உருவிக்கொண்டான். கணினியை மறுபடியும் எழுப்பினால் அதே நீலத் திரை. யாரும் வந்து போன சுவடே இல்லை. மறுநாள் அதே கடைக்குப் போய், "இப்ப பார்மட் அடிங்க தம்பி" என்றோம்.

தாயாருக்கு விடிந்த பிறகுதான் காட்டினோம். தாள்களை அவர் அதிகம் பார்க்கவில்லை. அவற்றோடு சேர்ந்து வந்திருந்த பழைய லயத்து வீட்டுப் படத்தில் நின்றுவிட்டார். "வாசல்ல நிக்குதே, அந்த முருங்கை நான் வெச்சது" என்றார். எங்களுக்கு அது இதுவரை தெரியாது.