கடுகளவு கிரீஸ்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலில் 30 வருஷம் ஓட்டியவன் நான். தோலைப் பற்றித்தான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று என் அப்பாவின் காரைப் பற்றிப் பேசப் போகிறேன்.

அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் அதற்கு மூலம். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, 1962-இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டார்கள். என்ஜினும் ஒரே குடும்பம். ஆகவே நம்ம ஊர் ஹெரால்டுக்கு வரும் நோய் அந்தப் பந்தயக் குதிரைக்கும் வரும்!

அப்பா காலமான பிறகு வண்டி 'கீச், கீச்' என்று கத்த ஆரம்பித்தது. ஒரு பட்டறையில், "என்ஜினை இறக்கணும்" என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டதும், பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. கார் மேல் போட்டிருந்த உறையைச் சரி செய்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

கடைசி முயற்சியாக வேலூரில் ஒரு வயதான மெக்கானிக் பாயிடம் காட்டினேன். அவர் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை என்ஜினைச் சுற்றி நகர்த்தினார். டிஸ்ட்ரிபியூட்டர் அருகே நிறுத்தினார். "என்ஜினைக் கழட்டாதீங்க சார், இந்த மூடியைக் கழட்டினா போதும்" என்றார்.

அவரிடம் கற்றதைச் சொல்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு என்ஜினின் பாதி வேகத்தில் சுற்றும். என்ஜின் நிமிஷத்துக்கு 800 சுற்று என்றால் இது 400. அதிலுள்ள நான்கு முனைக் கேம், பாயிண்ட்டை நிமிஷத்துக்கு 1600 தடவை திறந்து மூடுகிறது. கேம் மேல் உரசும் பாயிண்ட்டின் குதி, கிரீஸ் இல்லாமல் காய்ந்தால் கீச்சுச் சத்தம். 'டிக் டிக்' என்று தட்டினால், ரோட்டார் மூடிக்குள் இடிக்கிறதா பாருங்கள், கீறல் தெரியும். தண்டைக் கையால் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறதா? புஷ் தேய்ந்துவிட்டது, பாயிண்ட் இடைவெளி நிலைக்காது, என்ஜின் தடுமாறும். மழை நாளில் 'சட் சட்' என்றால், மூடியின் வெடிப்பு வழியே மின்சாரம் கசிகிறது. இருட்டில் பொறி தெரியும். கை வைத்துவிடாதீர்கள், ஆயிரக்கணக்கான வோல்ட்!

என் வண்டிக்கு வந்தது முதல் நோய். கேம் மேல் துளி கிரீஸ், ரோட்டாருக்கு அடியில் இரண்டு சொட்டு எண்ணெய். சத்தம் போயே போச்சு.

நம்ம புத்தி சும்மா இருக்குமா? அடுத்த மாதம் நானே தாராளமாகக் கிரீஸ் அப்பினேன். அம்மாவைக் கண் பரிசோதனைக்கு வேலூர் அழைத்துவரும்போது, பள்ளிகொண்டா அருகே வண்டி நின்றுவிட்டது. கிரீஸ் பாயிண்ட் மேல் படிந்து, பொறியே இல்லை. உச்சி வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா சொன்னார்கள்: "உங்கப்பா கடுகளவுதாண்டா வைப்பாரு."

ஞாயிறுதோறும் அப்பா அந்த மூடியைத் திறந்து செய்ததையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். வண்டியை விற்கத் துணிந்த நான், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை.

பதனிடும் டிரம் சுற்றுகிற சத்தத்தை வைத்தே பேரிங் காய்ந்ததைச் சொல்லும் மேஸ்திரிகளோடு வேலை பார்த்தவன் நான். வீட்டில் அந்தப் பாடம் மறந்துபோயிற்று. நண்பர்களே, எதையும் இறக்குவதற்கு முன்னால், அதன் பக்கத்திலேயே இருந்தவர்களை ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

ஹெரால்டு வெளியே நிற்கிறது. அம்மாவும் வந்திருக்கிறார்கள்.