கல்லும் மழையும் ஒரே பாடம்



2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதி ஏரியில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று சமூக ஊடகங்களில் பேச்சு பரவியது. நிலவியல் படித்தவர்கள் பார்த்துவிட்டு, முட்டையில்லை, கடலடிச் சேற்றில் அம்மோனைட் என்னும் பழங்காலக் கடல் உயிரிகளின் ஓடுகளைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து இறுகியவை என்றார்கள். அதோடு பரபரப்பு அடங்கிவிட்டது. அது ஏன் அடங்கியது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. குன்னத்தில் கடல் இருந்தது என்பது முட்டையைவிடப் பெரிய செய்தி அல்லவா?

அந்தக் கடலின் படிவுகளை முறையாக வரைபடத்தில் ஏற்றியவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் வேலை பார்த்த இளைஞர். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் மூன்றாகப் பிரித்த பாறைத் தொகுதிகள் 1860களில் அச்சேறின. உலகின் எந்த மூலையில் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தைப் படிப்பவருக்கும் அரியலூர் என்ற பெயர் இன்று தெரியும். நம் பிள்ளைகளுக்கு அது மாவட்டத் தலைநகரம், சிமெண்ட் ஊர்.

பிளான்ஃபோர்ட் பாறையோடு நிற்கவில்லை. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியப் பள்ளிகளுக்கென இயற்கைப் புவியியல் பாடநூல் எழுதினார். 1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவரே. இமயமலைப் பனியின் அளவைப் பார்த்துப் பருவமழையை முன்கூட்டியே கணிக்கும் முயற்சியை 1880களில் தொடங்கிவைத்தவரும் அவர்தான். கல், பள்ளிப்பாடம், மழை மூன்றும் ஒரே ஆளின் வேலையாக இருந்தன. பிறகு நாம் தனித்தனித் துறைகளாக்கி, கதவுக்குக் கதவு பூட்டும் போட்டோம். இன்று நான் சொல்ல வந்தது அந்தப் பூட்டைப் பற்றித்தான்.

பூட்டில்லாமல் இந்த மண்ணைப் படிக்க, பச்சைமலை அடிவாரத்திலிருந்து கிழக்கே வந்து பாருங்கள். மேற்கே பழைய கடும்பாறை. ஜல்லி உடைக்கும் கிரஷர்கள் அங்கே. அதைத் தாண்டினால் காரை என்ற ஊர். செம்மண்ணும் சாம்பல் களிமண்ணும் மழைநீரில் அரித்து அரித்து, வெறும் ஓடைகளும் மேடுகளுமாகக் கிடக்கும். குனிந்து தேடினால் ஜிப்சம் தகடும் சிப்பித் துண்டும் கிடைக்கும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது, 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. கரிசல் வந்ததும் மக்காச்சோளமும் பருத்தியும். ஜெயங்கொண்டம் பக்கம் செம்மண், முந்திரி. தெற்கே திருமானூரில் கொள்ளிடத்து வண்டல், நெல். மண் மாற மாற விளைச்சலும் மாறுகிறது, கிணற்றின் ஆழமும் மாறுகிறது.

இதையெல்லாம் சொல்லித்தர வேண்டிய சுற்றுச்சூழல் பாடத்துக்கு வருவோம். உச்ச நீதிமன்றம் 1991இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் இட்ட உத்தரவின் தொடர்ச்சியாக, இளநிலை மாணவர் எல்லோருக்கும் பல்கலைக்கழக மானியக் குழு இதைக் கட்டாயமாக்கியது. நல்ல நோக்கம்தான். நடைமுறையில் என்ன? "ஈ.வி.எஸ். தானே சார், முதல்நாள் ராத்திரி படிச்சா போதும்" என்கிறான் மாணவன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அமேசான் காட்டையும் ஓசோன் ஓட்டையையும் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். ஜன்னலுக்கு வெளியே டிப்பர் லாரி போவதைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது.

அந்த லாரியில் சிமெண்ட் ஆலைக்குப் போவது சுண்ணாம்புக்கல். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். எரிக்கும் நிலக்கரியின் புகை தனிக்கணக்கு. கல்லிலிருந்து பறப்பது, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் உயிரிகள் தம் ஓட்டுக்குள் பூட்டி வைத்த கரிமம். வேதியியல் மாணவர் சமன்பாட்டை எழுதுவார், புவியியல் மாணவர் சுரங்கத்தைக் குறிப்பார். இரண்டையும் சேர்த்துக் கேட்கும் தேர்வுத்தாளை நான் பார்த்ததில்லை. சிமெண்ட் ஆலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த மண்டபமே சிமெண்டால் கட்டியது.

இன்னோர் எடுத்துக்காட்டு: அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024இல் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்து அங்கே வருகிறது. ஏரி நிரம்ப மேட்டூர் அணைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வரவேண்டும். மேட்டூர் திறப்பு தெரியாமல் பறவையைப் படித்துப் பயனில்லை.

இப்படிச் சேர்த்துப் படித்தால் ஊருக்கு என்ன பயன்? சுரங்க அனுமதிக்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறது. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, அந்த மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் தரப்பட வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தையும் நீர்மட்டத்தையும் சரிபார்க்கத் தெரிந்த பட்டதாரி ஊருக்கு ஒருவர் வேண்டும். படிப்பு எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

இந்தச் சொற்பொழிவு அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு சொற்பொழிவாளருக்குச் சால்வை வேண்டாம். அந்தப் பணத்தை மாணவர்களின் பேருந்துச் செலவுக்குக் கொடுங்கள். மே மாதம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஒருமுறை, குறித்து வைத்த அதே கிணறுகளில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுதட்டும். நோட்டு துறையில் இருக்கட்டும். அடுத்த வகுப்பு தொடரட்டும். சில ஆண்டுகள் கழித்து, கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நிலத்தடி நீர் பற்றிய பக்கம் வரும்போது, அந்த நோட்டை ஆட்சியர் முன் மேசையில் வைக்க நம்மிடம் ஆள் இருப்பார்.