பிள்ளையின் குற்றமும் பெற்றோரின் பொறுப்பும்

(யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோரும் கமக்காரரும் கூடிய பொதுக்கூட்டம் ஒன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



இன்று என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் பேசுவோனுக்கும் கேட்போருக்கும் இனிமை தருவதன்று. போர் ஓய்ந்த பின்னர் நம் பத்திரிகைகளில் அடிக்கடி அச்சேறிய சொற்களுள் 'வாள்வெட்டு' என்பதும் ஒன்றாயிற்று. அதனோடு கஞ்சாவும் ஹெரோயினும் 'ஐஸ்' எனப்படும் நஞ்சும் சேர்ந்துகொண்டன. பிடிபடுவோரின் வயதைப் பார்க்கும்போது நெஞ்சு நடுங்குகின்றது. பலர் மீசை அரும்பும் பருவத்தினர். சிலர் பாடசாலைச் சீருடையை இன்னும் களையாதவர்.

இத்தகைய செய்தி வந்த மறுகணமே ஒரு குரல் எழுகின்றது. "இவனைப் பெற்றவர்களைப் பிடித்து மறியலில் போடுங்கள்" என்பதே அக்குரல். சந்தையிலும் கோயில் வீதியிலும் வாசிகசாலைத் திண்ணையிலும் அதனைக் கேட்கின்றோம். அது கோபத்திற் பிறந்த குரல். அக்கோபத்துக்குக் காரணமும் உண்டு. வெட்டுண்டு வைத்தியசாலையிற் கிடப்பவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளையே அன்றோ? ஆயினும், கோபம் சட்டமாகாது. பெற்றோரின் பொறுப்பு எங்கே தொடங்குகின்றது, எங்கே முடிகின்றது என்பதை நாம் நிதானமாக ஆராய்தல் வேண்டும். ஆராயாவிடின், குற்றமற்ற தாயை நிந்திப்போம். உண்மையிற் பொறுப்பாளியான தந்தையைத் தப்பவிடுவோம்.

சட்டம் கூறுவது யாது?

ஒருவன் செய்த குற்றத்துக்கு மற்றொருவனைத் தண்டித்தலாகாது என்பது சட்டத்தின் அடிப்படை. பண்டைய உரோமாபுரியில், மகன் பிறருக்குத் தீங்கிழைத்தால் தந்தை நட்டஈடு கொடுக்க வேண்டும். அன்றேல் மகனையே தீங்குற்றவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்றொரு முறை இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் யுஸ்தினியன் சக்கரவர்த்தி, பிள்ளைகளைப் பொறுத்தமட்டில் அம்முறையை ஒழித்தான். அம்மரபின் வழிவந்த உரோம-டச்சுச் சட்டமே இந்நாட்டின் பொதுச் சட்டம். தந்தை என்ற ஒரே காரணத்துக்காக, மகன் செய்த தீங்குக்கு அது தந்தையைப் பொறுப்பாளியாக்குவதில்லை. தந்தை தானே அசட்டையாக இருந்தான் என நிறுவினால் மட்டுமே அவன் பதில் சொல்ல வேண்டியவனாகின்றான்.

இங்கிலாந்திலே 1908ஆம் ஆண்டின் சிறுவர் சட்டமும் 1933ஆம் ஆண்டின் சட்டமும், பிள்ளைக்கு விதிக்கும் அபராதத்தைப் பெற்றோரிடம் அறவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்தன. ஆனால் அங்கும் ஒரு வரம்பு இருந்தது. தக்க கவனம் செலுத்தத் தவறியதால் அக்குற்றத்துக்குப் பெற்றோர் ஏதுவாக இருக்கவில்லை எனக் கண்டால், அவர்மீது அபராதம் சுமத்தப்படமாட்டாது. அச்சட்டத்தை அடியொற்றியதே நமது 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். சிறுவன் குற்றவாளிக் கூண்டில் தனியே நிற்றலாகாது, பெற்றோரும் உடன் வருதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 8 வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயல் குற்றமாகாது என்றது. 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அவ்வயதை 12 ஆக உயர்த்தியது. 12க்கும் 14க்கும் இடைப்பட்டவனின் அறிவு முதிர்ச்சியை நீதிமன்றம் கருத்திற் கொள்ளும். மறுபுறம், 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் பராய வயது 21இலிருந்து 18க்கு இறங்கியது. 19 வயது இளைஞன் ஒருவன் வாளோடு பிடிபட்டால் அவன் சட்டத்தின் கண்ணில் முழு மனிதன். அவன் தாயைக் கைது செய்யுங்கள் என்று கேட்பது, அவளுக்கு இல்லாத அதிகாரத்துக்காக அவளைத் தண்டிக்கக் கேட்பதாகும்.

மிச்சிகன் வழக்குத் தரும் பாடம்

இவ்விடத்தில், அமெரிக்காவிலே உலகின் கவனத்தை ஈர்த்த வழக்கொன்றை எடுத்துக்காட்ட விரும்புகின்றேன். 2021 நவம்பர் 30ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்தின் ஒக்ஸ்போர்ட் உயர்நிலைப் பாடசாலையில் 15 வயது மாணவன் ஒருவன் சக மாணவர் நால்வரைச் சுட்டுக் கொன்றான். 2024இல் அவன் தாயும் தந்தையும், கருதாது இழைத்த மனிதக்கொலைக் குற்றத்துக்கு ஆளானவர்கள் என யூரர் தனித்தனி வழக்குகளில் தீர்த்தனர். ஒவ்வொருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

"பார்த்தீர்களா, அங்கே பெற்றோரையும் தண்டித்துவிட்டார்கள்" என்று இதனைக் காட்டி வாதிடுவோர் உளர். பொறுங்கள். அவர்கள் தண்டிக்கப்பட்டது எதற்காக? அத்துப்பாக்கியை நான்கு நாட்களுக்கு முன் தந்தையே வாங்கினான். தாய் மகனை அழைத்துச் சென்று சுட்டுப் பழகவைத்தாள். சம்பவம் நடந்த அன்று காலையில், மகன் வரைந்த பயங்கரமான சித்திரத்தைக் கண்ட பாடசாலை நிருவாகம் இருவரையும் அழைத்துக் காட்டியது. அவர்கள் மகனை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. துப்பாக்கி வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தையும் கூறவில்லை. அதன்பின் சில மணி நேரத்தில் நான்கு உயிர்கள் போயின. பெற்ற குற்றத்துக்காக அவர்கள் சிறை செல்லவில்லை. கையிற் கொடுத்ததற்காகவும், கண்டும் வாளாவிருந்ததற்காகவுமே சென்றனர்.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, "இவன் யார் மகன்?" என்பதன்று. "பெற்றோர் எதனைக் கொடுத்தனர்? எதனை அறிந்திருந்தனர்? அறிந்தபின் என்ன செய்தனர்?" என்பதே.

நம் வீடுகளில்

இக்கேள்விகளை நம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவோம்.

நாம் பிள்ளைக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுப்பதில்லை. மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கின்றோம். சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாதவனை வாகனம் ஓட்ட அனுமதிக்கும் உரிமையாளனும் சட்டத்தை மீறியவனே. அது ஒருபுறமிருக்க, கனடாவிலோ இலண்டனிலோ குளிரில் இரவுவேலை செய்யும் மாமன், அன்பு மிகுதியால் மருமகனுக்கு நேரே பணம் அனுப்புகின்றார். அப்பணம் எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று என்று தாய்க்கும் தெரியாது, தந்தைக்கும் தெரியாது. உழைத்தவன் கையிற் காசுக்கு ஓர் அருமை உண்டு. உழையாதவன் கையில் அதே காசு, அவனைச் சுற்றி நாலு பேரைக் கூட்டிவிடும்.

கமக்காரர் விடிவதற்கு முன்னரே வெங்காயத் தோட்டத்துக்கு நீரிறைக்கச் செல்கின்றார். அந்தியிற் களைத்து வருகின்றார். மகன் வீட்டிலிருக்கின்றானா என்று கேட்க அவருக்கு நாவெழுவதில்லை. உத்தியோகத்தரோ, காலையிற் பாடசாலை, மாலையில் தனியார் வகுப்பு என்று பணத்தைக் கட்டிவிட்டுத் தம் கடன் முடிந்ததென்று இருக்கின்றார். வகுப்புக்கு மகன் போனானா என்று மாதத்துக்கு ஒருமுறையேனும் விசாரித்தவர் எத்தனை பேர்? இருவரும் பிள்ளைக்காகவே பாடுபடுகின்றனர். ஆனால், பிள்ளையோடு இருக்கும் நேரம் இருவரிடமும் இல்லை.

பெற்றோர் இழைக்கும் இரு பிழைகளை நீதிமன்றங்களில் மீண்டும் மீண்டும் காண்கின்றோம். ஒன்று, மறைத்தல். மகன் ஒளித்துவைத்த வாளைக் கண்ட தந்தை, அதனைக் கிணற்றில் எறிந்துவிட்டு மகனைக் கொழும்புக்கு அனுப்புகின்றார். அல்லது வெட்டுண்டவன் வீட்டுக்குப் பணத்தோடு சென்று, சாட்சி சொல்லாதிருக்கும்படி வற்புறுத்துகின்றார். இங்கே அவர் மகனின் குற்றத்துக்காக அன்று, தம் குற்றத்துக்காகவே தண்டனைக்கு ஆளாகக்கூடும். சான்றை மறைப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். சாட்சியை அச்சுறுத்துவதை, 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமும் அதன் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் கடுங்குற்றமாக வகுத்துள்ளன.

மற்றது, கைகழுவுதல். "இவன் என் மகனல்ல" என்று கூறிப் பொலிஸ் நிலையத்துக்கும் வர மறுக்கும் தந்தையர் உளர். மானம் பெரிதென்று அவர்கள் எண்ணுகின்றனர். பிணையெடுக்க ஆளின்றி விளக்கமறியலில் வாரக்கணக்கிற் கிடக்கும் இளைஞனுக்கு அங்கே யார் தந்தையாவார்? அவனிலும் மூத்த, கைதேர்ந்த குற்றவாளியே தந்தையாவான். அனுராதபுரத்தில் அரசாண்ட எல்லாளன், கன்றைத் தேர்க்காலிற் கொன்ற தன் மகனை நீதியினின்றும் மறைக்கவில்லை என்பது நாம் பெருமையோடு சொல்லும் கதை. அவன் விதித்த தண்டனையை இக்காலத்தில் எவரும் விரும்பார். ஆயினும், மகனை மறைக்காத நேர்மை இக்காலத்துக்கும் வேண்டியதே. மறைக்காதிருத்தலும் கைவிடாதிருத்தலும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. உண்மையைச் சொல்லும்படி மகனுக்குக் கூறி, அவன் பக்கத்திலே நிற்பவனே நல்ல தந்தை.

பெற்றோர் தலைமீது மட்டும் போடலாமா?

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2009இல் போர் முடிந்த ஆண்டிற் பிறந்த குழந்தை இன்று 16 வயதை எட்டிவிட்டது. அவன் போரைக் கண்டவன் அல்லன். ஆனால் அவனை வளர்த்தவள் போரினூடே நடந்து வந்தவள். கணவனைப் பறிகொடுத்தவளும், கணவன் காணாமலாக்கப்பட்டு அவன் உயிரோடிருக்கின்றானா என்றே அறியாதவளும் நம்மிடையே உளர். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியிலே தாய்மார் தொடங்கிய போராட்டத்தை நாடறியும். கூலிவேலைக்கும் போய், அலுவலகங்களின் படிகளிலும் ஏறியிறங்கி, வளரும் மகனையும் தனியே கட்டிக்காக்கும் அத்தாயை நோக்கி "உன் வளர்ப்புச் சரியில்லை" என்று விரல் நீட்டுவது அறமாகுமா?

போதைப்பொருளைப் பெற்றோர் கடல்வழியே கொண்டுவரவில்லை. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 'ஐஸ்' நஞ்சுக்கு மிகக் கடுமையான தண்டனைகளை விதித்தது. கரையிலும் வீதியிலும் இத்தனை படையினர் காவல் நிற்கும் மாகாணத்தில், அந்நஞ்சு பாடசாலை மதிலோரம் வரை எவ்வாறு வந்து சேர்கின்றது? இதனைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

அரசின் கடமை சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. இலங்கை 1991இல் ஏற்றுறுதி செய்த சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 18ஆம் உறுப்புரை, பிள்ளை வளர்ப்பின் முதற்பொறுப்பைப் பெற்றோரிடம் ஒப்படைக்கின்றது. அதே உறுப்புரை, அப்பொறுப்பை நிறைவேற்றப் பெற்றோருக்கு உதவும்படி அரசுக்கும் கட்டளையிடுகின்றது. முதற்பாதியை மட்டும் படித்துவிட்டு நிறுத்துவோர் பலர். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி நன்னடத்தைச் சேவையும் சிறுவர் பராமரிப்பும் மாகாணத்துக்குரிய பணிகள். வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள், மக்கள் தெரிந்த உறுப்பினர் ஒருவருமின்றி ஆளுநரின் கீழ் நிருவாகம் நடந்தது. ஒரு நன்னடத்தை அலுவலர் எத்தனை பிள்ளைகளைக் கவனிக்கின்றார் என்று சபையில் எழுந்து கேட்க ஆளில்லாத நிலை அது. அதிகாரப் பகிர்வு என்பது வெறும் மேடைப்பேச்சு அன்று. வழிதவறிய நம் பிள்ளையை வீட்டுக்கு மீட்டுவரும் வழியும் அதற்குள்ளேயே இருக்கின்றது.

நாம் செய்யவேண்டியவை

முதலாவது, பொலிஸாரிடமிருந்து அழைப்பு வந்தால் பெற்றோர் அன்றே செல்லுங்கள். பணமில்லையென்று பின்வாங்க வேண்டாம். 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வசதியற்றோருக்காகவே உள்ளது. என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: சிறுவர் வழக்கில் ஊதியம் பாராது தோன்றுவது தருமம் அன்று, நம் கடன்.

இரண்டாவது, மகனின் நடத்தையில் மாற்றம் கண்டால் ஊருக்கு அஞ்சி ஒளிக்காதீர்கள். ஆசிரியரிடமோ, வைத்தியரிடமோ, நன்னடத்தை அலுவலரிடமோ சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு. முளையிற் சொன்னால் அது நோய். முற்றியபின் சொன்னால் வழக்கு.

மூன்றாவது, சனசமூக நிலையங்களும் கோயிற் சபைகளும் விளையாட்டுக் கழகங்களும் பாடசாலையை விட்டு விலகிய பிள்ளைகளின் பெயர்களைத் தாமே அறிந்து வைத்திருத்தல் வேண்டும். கல்வி 16 வயது வரை கட்டாயம். பாடசாலைக்கு வராத பிள்ளையைத் தேடிச் செல்ல ஒருவருமில்லையாயின், அவனைத் தேடி வேறொருவன் வருவான்.

நான்காவது, பிடிபட்ட சிறுவனின் படத்தையும் பெயரையும் கைத்தொலைபேசிகளிற் பரப்பாதீர்கள். சிறுவர் நீதிமன்ற நடவடிக்கைகளில் பிள்ளையை இனங்காட்டும் விபரங்களைப் பத்திரிகைகள் வெளியிடலாகாதென்று 1939ஆம் ஆண்டின் சட்டமே தடுத்தது. திருந்தி வருபவனுக்குத் திரும்பி வர ஓர் ஊர் வேண்டுமன்றோ?

பெரியோரே! பெற்றோரைச் சிறையிலடைத்தால் வீதிகள் அமைதியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். அவ்வீட்டில் எஞ்சியிருக்கும் தம்பியும் தங்கையும் அநாதைகளாவரே அன்றி வேறு பயனில்லை. கொடுக்கத் தகாததைக் கொடுத்த பெற்றோரைச் சட்டம் கேட்கட்டும். அறிந்தும் மறைத்தவரைச் சட்டம் கேட்கட்டும். மற்றையோர் பக்கத்தில் நாம் நிற்போம். இன்றிரவு வீடு சென்றதும், உங்கள் மகன் எங்கே போனான், யாரோடு போனான் என்று கேளுங்கள். அதட்டிக் கேட்க வேண்டாம். அருகில் இருத்திக் கேளுங்கள். அவன் சொல்லும் விடையை முடியும்வரை இருந்து கேளுங்கள். பெற்றோரின் பொறுப்பு அங்கேதான் தொடங்குகின்றது.