குப்பை உரமாகட்டும், கிராமம் குப்பைமேடாகக் கூடாது!

(சிங்கவரத்தில் விவசாயத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நகரத்துக் குப்பையை உரமாக்கும் ஆலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிங்கவரத்துக்கு அப்படியோர் ஆலை வந்துவிட்டது என்று பீதி கிளப்ப வரவில்லை. ஆனால் நகரங்கள் பெருகப் பெருக, அவற்றின் குப்பைக்கு இடம் தேடுகிறவர்களின் கண் எங்கே திரும்புகிறது? பங்களாக்கள் இருக்கும் பக்கமா? இல்லை. புறம்போக்கும் மேய்ச்சல் நிலமும் கூலிக்காரன் குடிசையும் இருக்கும் பக்கம்தான் திரும்புகிறது. ஆகவே நாம் முன்கூட்டியே விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

நாம் உரத்துக்கு விரோதிகளா? ஒருக்காலும் இல்லை. எருவைத் தலைச்சுமையாகச் சுமந்து கழனிக்குப் போட்டவர்கள் நாம். மட்கும் குப்பையைத் தனியே பிரித்து, காற்றுப் படும்படி புரட்டிக் கொடுத்தால், குவியல் 55 டிகிரிக்கு மேல் சூடேறும். நோய்க் கிருமிகள் சாகும். நல்ல உரம் கிடைக்கும். பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கலந்து மலைபோலக் குவித்தால் காற்றுப் புகாது. அழுகும், நாறும். கறுப்புச் சாறு கசிந்து கிணற்றிலும் ஓடையிலும் இறங்கும்.

கேரளத்தைப் பாருங்கள். திருவனந்தபுரம் நகரத்துக் குப்பைக்காக 2000ல் விளப்பில்சாலை கிராமத்தில் உர ஆலை திறந்தார்கள். நாற்றத்திலும் கெட்ட தண்ணீரிலும் ஜனங்கள் ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டார்கள். 2011 டிசம்பரில் கிராமப் பஞ்சாயத்தே ஆலைக்குப் பூட்டுப் போட்டது. 2012 பிப்ரவரியில் போலீஸ் காவலோடு வந்த வண்டிகளை ஊரே திரண்டு மறித்தது. அந்த மாநகராட்சியை நடத்தியவர்கள் இடதுசாரிகளே. இதை மறைக்க வேண்டியதில்லை. பாடம் கற்க வேண்டும். பிறகு அந்த நகரம் வீட்டிலும் வட்டாரத்திலும் குப்பையை உரமாக்கும் வழிக்குத் திரும்பியது. முதலிலேயே அதைச் செய்திருக்கலாமே!

சட்டம் என்ன சொல்கிறது? பல இடத்துக் குப்பையை ஒன்றுசேர்க்கும் பொது ஆலைக்கு, 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி முன் அனுமதி வேண்டும். விரிவான ஆய்வு தேவை என்று வகைப்படுத்தினால், பொது விசாரணை நடத்த வேண்டும். அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. பத்திரிகை எட்டாத இடத்தில் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். நடந்ததை முடிவில் உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். இதுபோக, 1974ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டம் ஆகியவற்றின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் வேண்டும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். இத்தனை பேர் வந்தால்தான் விசாரணை தொடங்கலாம் என்ற கணக்கு அங்கே கிடையாது. நாம் கூலி போய்விடுமே என்று வராமலிருந்தால், காலி நாற்காலிகளுக்கு முன்னாலும் விசாரணை நடந்துவிடும்! ஆகவே ஊரோடு போக வேண்டும். ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்க வேண்டும். அனுமதி தவறானால் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

என்ன கேட்பது? குப்பை பிரிந்து வருமா, கலந்து வருமா? சாறு எங்கே போகும்? செஞ்சிப் பக்கத்து மலைகளில் புறப்படும் சங்கராபரணி புதுச்சேரி வரை போகிறதே, மேலே கலக்கும் அழுக்கு எத்தனை கழனிக்கு இறங்கும்? கிணற்றுத் தண்ணீரை யார், எப்போது சோதிப்பார்கள்? முடிவை ஊரில் ஒட்டுவார்களா? ஆலையில் குப்பை பிரிக்கப் போகிறவர்கள் நம் பெண்கள்தான். அவர்களுக்குக் கையுறை, காலணி, நிரந்தர வேலை, நியாயக் கூலி உண்டா? காண்டிராக்டர் ஓடிப்போனால் யார் பொறுப்பு?

இவற்றுக்குப் பதில் இருந்தால் ஆலை வரட்டும். உரத்தை நாமே கழனிக்கு ஏற்றுவோம். பதில் இல்லையென்றால் ஒரு வண்டியும் உள்ளே வரக்கூடாது. நகரத்துத் துப்புரவுத் தொழிலாளியும் நம் தோழன்தான். அவனோடு சேர்ந்தே இதைக் கேட்போம். மகஜர் எழுதுவோம், திரண்டு நிற்போம்!