நீலநாக்கு நோய்: மழைக்கு முன்னே போட வேண்டிய கணக்கு

(திருப்பத்தூர், ஜவ்வாது மலைப் பகுதி ஆடு வளர்ப்போருக்கான உரை)

ஐப்பசி அடைமழை விட்டு வெயில் தலைகாட்டும் நாட்களில் மந்தையில் ஓர் ஆடு மேயாமல் ஒதுங்கி நிற்கும். மூக்கில் சளி வடியும். உதடும் முகமும் வீங்கும். வாய்க்குள் புண் கண்டு எச்சில் ஒழுகும். குளம்புக்கு மேலே உள்ள தோல் சிவந்து ஆடு நொண்டும். காய்ச்சல் 105, 106 டிகிரி வரை ஏறும். ‘மழையில் நனைந்த சளி’ என்று நாம் இருந்துவிடுவோம். ஒரு மாதம் போவதற்குள் பட்டியில் பாதி ஆடுகள் படுத்துவிடும். இதுதான் நீலநாக்கு நோய். சில ஆடுகளுக்குத்தான் நாக்கு நீலமாகும். ஆகவே பெயரை நம்பி நாக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1964-ல் மகாராஷ்டிரத்தில் கண்டறியப்பட்டது. தொடக்கத்தில் அயல் இன, கலப்பின ஆடுகளின் நோய் என்றே கருதினார்கள். பின்னர் நாட்டுச் செம்மறிகளையும் அது விட்டுவைக்கவில்லை. 1997-98-ல் தமிழ்நாட்டில் பெருவாரியாகப் பரவி ஏராளமான ஆடுகளைக் கொண்டுபோயிற்று. நம் மாநிலத்தில் இது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருகிறது. வரும் காலம் தெரிந்த எதிரி இது. அப்படியானால் முன்கூட்டியே கணக்குப் போட்டுத் தயாராக முடியாதா? முடியும். இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு செய்தியை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நீலநாக்கு, கோமாரியைப் போலவோ ஆட்டுக்கொல்லியைப் போலவோ ஒட்டுவாரொட்டி நோய் அன்று. நோயுற்ற ஆடு பக்கத்து ஆட்டோடு ஒரே தொட்டியில் நீர் குடிப்பதால் பொதுவாகப் பரவுவதில்லை. கியூலிகாய்டிஸ் என்னும் மிகச் சிறிய ஈ கடித்துத்தான் பரவுகிறது. கொசுவைவிடச் சிறியது, சாதாரணக் கொசுவலைக் கண்ணுக்குள் புகுந்துவிடும். பெண் ஈ மட்டுமே இரத்தம் குடிக்கும், அதுவும் பெரும்பாலும் அந்தி சாய்ந்து பொழுது விடியும் வரை. குட்டையோரச் சேறு, ஈரச் சாணம், தொட்டி ஒழுகி நனைந்த மண் ஆகியவற்றில் முட்டையிட்டுப் பெருகும். மழைக்கும் நோய்க்கும் உள்ள உறவு இந்த ஈயின் வழியாக வந்ததுதான்.

ஒரு ஆட்டிலிருந்து எத்தனை ஆடு?

இனி, தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் பாடத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. வழிமுறை மட்டும் உண்மையானது.

ஒரு நோயுற்ற ஆட்டின் இரத்தத்தில் 10 நாள் கிருமி இருக்கிறது என்று கொள்வோம். இரவுக்கு 200 ஈக்கள் கடித்தால் மொத்தம் 2000 ஈக்கள். கடித்த ஈக்கெல்லாம் கிருமி பற்றாது. நூற்றுக்கு ஒன்றுக்குப் பற்றினால் 20 ஈக்கள். அந்த ஈயும் உடனே நோயைக் கொடுத்துவிடாது. கிருமி அதன் வயிற்றில் பெருகி எச்சிலுக்கு வந்து சேர நாள் பிடிக்கும். அதற்கு 10 நாள் என்று வைப்போம். இதற்குள் ஈக்கள் செத்துக்கொண்டே இருக்கும். நாளுக்கு ஐந்தில் ஒன்று சாகுமானால், 20 ஈக்களில் 10 நாள் கழித்து மிஞ்சுபவை இரண்டே. அந்த இரண்டும் ஆளுக்கொரு நல்ல ஆட்டைக் கடித்தால், ஒரு ஆடு இரண்டாயிற்று. அடுத்த சுற்றில் நான்கு, அதற்கடுத்து எட்டு.

இப்போது வெப்பம் சற்றுக் கூடுகிறது. ஈயின் உடலில் கிருமி 10 நாளுக்குப் பதில் 7 நாளிலேயே தேறிவிடுகிறது. மற்றவை எல்லாம் முன்போலவே. இப்போது 20-ல் மிஞ்சும் ஈக்கள் நான்கு. மூன்றே மூன்று நாள் வித்தியாசம்தான். ஆனால் மூன்றாம் சுற்றில் எட்டு ஆடுகள் இருந்த இடத்தில் 64 ஆடுகள் நிற்கின்றன! சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் என்றால், மழை தொடங்கி இரண்டு மாதத்தில் மந்தை காலி.

அப்படியானால் சித்திரை வெயிலில்தானே நோய் உச்சமாக இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. வறண்ட வெயிலில் ஈ தாக்குப்பிடிப்பதில்லை. நாளுக்கு மூன்றில் ஒன்று செத்தால் 7 நாளில் 20-ல் மிஞ்சுவது ஒன்றே. முட்டையிட ஈரமும் இல்லாததால் கடிக்கும் ஈக்களே குறைவு. வெப்பமும் ஈரமும் சேர்ந்து வரும் மழைக்காலந்தான் ஈக்கும் கிருமிக்கும் தோது.

மலைமேல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புதூர்நாட்டிலும் நெல்லிவாசல்நாட்டிலும் இரவுக் குளிர், கீழே திருப்பத்தூரில் இருப்பதைவிட அதிகம். குளிரில் கிருமி மெதுவாகவே பெருகும். 12, 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே அநேகமாக நின்றே விடும். ஆனால் குளிர்ச்சியில் ஈக்கு ஆயுள் கூடுகிறது. கிருமி தேற 15 நாள் ஆகி, ஈக்கள் நாளுக்குப் பத்தில் ஒன்று மட்டுமே சாகுமானால், 20-ல் மிஞ்சுவது மறுபடியும் நான்கு. குளிரில் ஈ அடிக்கடி கடிக்காது என்பது ஓர் ஆறுதல். எனினும், ‘மலையில் இந்த நோய் ஏறாது’ என்று எவரேனும் சொன்னால் அதைக் கணக்குப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

இப்படி ஆடு, ஈ, கிருமி, வெப்பம், மழை ஆகியவற்றை எண்களாக்கி ஒன்றோடொன்று கோத்துப் பார்ப்பதற்குத்தான் கணித மாதிரி என்று பெயர். இது நேற்று வந்ததன்று. 1897-ல் செகந்தராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டறிந்த ரொனால்டு ராஸ் பிற்காலத்தில் இதே முறையில் கணக்குப் போட்டார். ஊரிலுள்ள கொசுவை எல்லாம் கொல்ல முடியுமா என்று அன்று பலர் கேட்டனர். எல்லாவற்றையும் கொல்லத் தேவையில்லை. ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தால் நோய் தானே அணைந்துவிடும் என்று அவர் கணக்கால் காட்டினார். நம் கணக்கிலும் அந்த எல்லை இருக்கிறது. ஒரு ஆட்டிலிருந்து ஒரு ஆட்டுக்கும் குறைவாகவே நோய் போகுமானால், அந்த நோய்க்கு ஆயுள் முடிந்தது.

குதிரைக்கு வந்த பாடம்

நம் பக்கத்தில் ஆடு, மாடு அளவுக்குக் குதிரை இல்லை. ஆனாலும் நீலநாக்குக் கிருமிக்கு உடன்பிறப்பு போன்ற ஒரு கிருமி குதிரையைத் தாக்குகிறது. ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்பார்கள். பரப்புவது அதே கியூலிகாய்டிஸ் ஈ. அது 1959-61-ல் மேற்காசியாவிலும் அதை அடுத்த நாடுகளிலும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட குதிரை, கழுதை, கோவேறு கழுதைகளைக் கொன்றது. 1960-ல் இந்தியாவுக்குள்ளும் வந்தது. 2020-ல் தாய்லாந்தில் புகுந்து 500-க்கும் மேற்பட்ட குதிரைகளைப் பலிவாங்கியது. அங்கே இலாயங்களைச் சுற்றி நெருக்கமான வலை கட்டியும் தடுப்பூசி போட்டும் அதை அடக்கினார்கள். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குக் குதிரையோடு போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பல ஊர்க் கால்நடைகள் ஓரிடத்தில் கூடிக் கலைவதும் இந்தக் கணக்கில் ஒரு முக்கிய எண்.

பூச்சி பரப்பும் நோய்க்கெல்லாம் ஒரே கணக்கு என்றும் எண்ணிவிடக் கூடாது. 1955-ல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது நம் வட ஆர்க்காட்டுப் பகுதியில்தான். திருப்பத்தூர் அப்போது அந்த மாவட்டத்தைச் சேர்ந்தது. அது நெல் வயல் கொசுவால் பரவுகிறது. மனிதனையும் குதிரையையும் தாக்குகிறது. ஆனால் நோயுற்ற குதிரையின் இரத்தத்தில் கொசுவுக்குத் தொற்றும் அளவு கிருமி இருப்பதில்லை. அங்கே குதிரையை எண்ணிப் பயனில்லை. பன்றியையும் கொக்கு, நாரையையும் நீர் தேங்கிய வயலையும் எண்ண வேண்டும். எதை எண்ணுவது என்று தெரிவதே கணக்கில் பாதி.

கணக்கு பலித்த ஓர் ஊரையும் சொல்கிறேன். 2006-ல் நீலநாக்கு வட ஐரோப்பாவில் தோன்றியது. கடலுக்கு அப்பால் இருந்த இங்கிலாந்தில் 2007 செப்டம்பரில் முதல் நோயுற்ற மாடு கண்டுபிடிக்கப்பட்டது. காற்றின் திசையையும் வெப்பத்தையும் வைத்துக் கணக்கிட்டவர்கள், ஆகஸ்டு 4-ஆம் தேதி இரவு முதல் மறுநாள் வரை வீசிய காற்றில் ஈக்கள் கடல் தாண்டி வந்திருக்க வேண்டும் என்று கூறினார்கள். அடுத்த ஆண்டு ஈப் பருவம் முற்றுமுன்பே, 2008 மே மாதம் தடுப்பூசி தொடங்கியது. பண்ணையாளர்கள் முன்வந்து போட்டுக்கொண்டார்கள். அந்த ஆண்டு அங்கே நோய் பரவவில்லை. கணக்கு ஆட்டைக் காப்பாற்றவில்லை. காலத்தில் போட்ட ஊசி காப்பாற்றியது. எப்போது போடுவது என்பதைக் கணக்கு சொன்னது.

நம் நாட்டில் பெங்களூரு எலகங்காவில் உள்ள தேசியக் கால்நடை நோய்ப்பரவல் மற்றும் நோய்த்தகவல் நிறுவனம் இப்பணியைச் செய்கிறது. முன்னாள் ஆண்டுகளின் நோய் விவரம், மழை, வெப்பம், காற்றின் ஈரம், செயற்கைக்கோள் காட்டும் பசுமை, கால்நடை எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு, எந்த மாவட்டத்தில் எந்த நோய் வரக்கூடும் என்று இரண்டு மாதம் முன்னதாகவே மாதந்தோறும் அறிவிக்கிறது. நீலநாக்கும் அதில் அடக்கம். உங்கள் கால்நடை மருந்தகத்தில் இதைக் கேட்டறியலாம். வேளாண் மழை அறிவிப்பைக் கேட்கிற நாம் இதை ஏன் கேட்பதில்லை என்று எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. காவலூர் வானாய்வு மையம் உங்கள் மலையிலேயே இருக்கிறது. வானநூலார் கிரகணம் பிடிக்கும் நேரத்தை நொடி தவறாமல் சொல்வார்கள். நோய்க் கணக்கு அப்படிப்பட்டதன்று. ‘வர வாய்ப்பு அதிகம்’ என்றால், இப்படிப்பட்ட பத்து ஆண்டுகளில் பல ஆண்டுகளில் வரும், சில ஆண்டுகளில் வராது என்றே பொருள். வராத ஆண்டில் ‘ஊசிக் காசு வீண்’ என்று முணுமுணுப்பவர்கள், வந்த ஆண்டில் செத்த ஆட்டின் விலையையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். மேலும் அறிவிப்பு மாவட்டம் முழுமைக்குமானது. உங்கள் பட்டிக்குப் பின்னால் உள்ள குட்டை பெங்களூருக்குத் தெரியாது.

அந்தக் கணக்கு தவறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆடு செத்தால் சொல்லாமல் புதைத்துவிடுகிறோம், அல்லது நோய் கண்டதும் அரை விலைக்குச் சந்தையில் தள்ளிவிடுகிறோம். செய்தி மருந்தகத்துக்குப் போகாவிட்டால் ஏட்டில் ‘நோய் இல்லை’ என்றே பதிவாகும். அடுத்த ஆண்டுக்கான கணக்கு அந்தப் பொய்யின் மேல் எழும். விற்ற ஆடு நோயையும் அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும்.

என்ன செய்வது, எப்போது செய்வது?

ஊசியின் பலன் முழுமையாகக் கிடைக்க ஏறக்குறைய மூன்று வாரம் வேண்டும். மழை பிடித்தபின் ஓடுவதில் பயனில்லை. ஆவணி முடியுமுன் போட்டுவிட வேண்டும். ஐந்து வகைக் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசி நம் நாட்டிலேயே தயாரிக்கப்பட்டுள்ளது. சினை ஆடு, இளங்குட்டி ஆகியவற்றுக்குப் போடும் முறையை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை ஆட்டுக்குப் போடுவது? மீண்டும் பென்சிலை எடுங்கள். ஒரு ஆட்டிலிருந்து நான்கு ஆட்டுக்குப் பரவும் காலத்தில் பாதி ஆட்டுக்குப் போட்டால், ஈ கடிப்பதில் பாதி வீணாகும், நான்கு இரண்டாகும். நோய் அப்போதும் பெருகும். முக்கால் பங்குக்குப் போட்டால் ஒன்று. முக்கால் பங்குக்கு மேல் போட்டால்தான் ஒன்றுக்குக் கீழே இறங்கும். ஊசி எல்லா ஆட்டிலும் பிடித்துவிடாது என்பதையும் சேர்த்தால், மந்தை முழுவதற்கும் போடுவதே கணக்குக்குச் சரி. ‘நல்ல கிடாவுக்கு மட்டும் போதும்’ என்பது கிடாவை வேண்டுமானால் காக்கும், மந்தையைக் காக்காது.

ஊசியோடு கடியையும் குறைத்தால் பாரம் குறையும். இரவுக்கு 200 கடி 100 ஆனால் நான்கு இரண்டாகிவிடும் அல்லவா? அந்திக்கு முன் ஆடுகளைக் கொட்டகையில் அடையுங்கள். பட்டியைத் தாழ்ந்த இடத்திலிருந்தும் குட்டையோரத்திலிருந்தும் மேட்டுக்கு மாற்றுங்கள். தொட்டி ஒழுகலை அடைத்து, சாணத்தை எருக்குழியில் இட்டு மூடுங்கள். வேப்பிலை, நொச்சி மூட்டம் ஓரளவே உதவும். அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஆட்டின் மேல் தெளிக்கும் பூச்சி மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் பயன்படுத்துங்கள். மாடும் வெள்ளாடும் பெரும்பாலும் நோய்க்குறி காட்டாமலேயே கிருமியைச் சுமக்கும். மாட்டின் இரத்தத்தில் அது பல வாரம் தங்கும். ஆகையால் மாட்டுக் கொட்டகையின் ஈரத்தையும் கவனியுங்கள்.

நோய் வந்துவிட்டால் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. ஆட்டை வெயிலில் விடாமல் நிழலில் கட்டி, வாய்ப்புண்ணைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த இளஞ்சிவப்பு நீரால் கழுவி, கேழ்வரகுக் கூழோ சாமைக் கஞ்சியோ புகட்டுங்கள். பல ஆடுகள் பிழைத்துக்கொள்ளும். உடனே மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ சொல்லுங்கள். மருத்துவர் இரத்தம் எடுக்க வந்தால் தடுக்காதீர்கள். இந்தியாவில் இருபதுக்கும் மேற்பட்ட நீலநாக்குக் கிருமி வகைகள் உள்ளன. ஊசியில் இருப்பவை ஐந்து. உங்கள் பட்டியில் வந்தது எந்த வகை என்பதை அந்த இரத்தம்தான் சொல்லும்.

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மழை பெய்த தேதி, முதல் ஆடு நொண்டிய தேதி, செத்தவை எத்தனை, பிழைத்தவை எத்தனை, ஊசி போட்ட நாள், புதிதாக வாங்கிய ஆடு எந்தச் சந்தையிலிருந்து வந்தது என்று குறித்துவையுங்கள். மருத்துவர் வரும்போது அதைக் காட்டுங்கள். இந்த ஆண்டு ஊசி எப்போது கிடைக்கும் என்பதை ஆடி மாதத்திலேயே மருந்தகத்தில் விசாரித்து, ஊரில் மொத்தம் எத்தனை ஆடு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.