மராண்டாவுக்கு மழைத் தண்ணி வையுங்க

எங்க வீட்டு கிழக்கு ஜன்னல் பக்கம் ஒரு தொட்டி இருக்கு. பகல்ல அதோட இலையெல்லாம் தட்டு மாதிரி விரிஞ்சு கிடக்கும். விளக்கு வைக்கிற நேரம் வந்துட்டா யாரும் தொடாமலேயே ஒவ்வொரு இலையா நிமிர ஆரம்பிக்கும். ராத்திரி சாப்பாட்டை முடிச்சிட்டு வந்து பார்த்தா, மொத்தச் செடியும் கும்பிட்ட கை மாதிரி நிக்கும். அதுதான் மராண்டா. நர்சரியில பிரேயர் பிளான்ட்னு கேட்டா எடுத்துக் குடுப்பாங்க.

இந்தச் செடி வச்சிருக்கிறவங்க என்கிட்ட கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "வாங்கும்போது பளபளன்னு இருந்துச்சு. ஒரே மாசத்துல இலை ஓரமெல்லாம் காய்ஞ்சு பழுப்பாயிடுச்சு. என்ன உரம் போடலாம்?" உரம் வேண்டாங்க. முதல்ல தண்ணியை மாத்துங்க. இன்னைக்கு நான் முக்கியமா சொல்ல வந்தது இதைத்தான்.

காரணத்தையும் சொல்லிடறேன். மராண்டாவோட சொந்த ஊர் பிரேசில் மழைக்காடு. அங்க பெரிய மரங்களுக்கு அடியில, தரையை ஒட்டிப் படர்ந்து வளரும். வெயில் மேல இருக்கிற இலையில எல்லாம் சலிச்சுத்தான் கீழ வரும். காத்துல எப்பவும் ஈரம் இருக்கும். வேருக்குக் கிடைக்கிறது மழைத் தண்ணி, அதுல உப்பு ரொம்பக் குறைவு. நம்ம வீட்டுல என்ன ஊத்துறோம்? போர் தண்ணி. குளிச்சா சோப்பு நுரைக்காது, பக்கெட்ல வெள்ளையா படியும். அதே உப்புதான் தொட்டி மண்ணுலயும் சேருது. வேர் வழியா ஏறி, இலை ஓரத்துக்குப் போய் அங்கேயே தங்கிடுது. தண்ணி மட்டும் ஆவியாப் போயிடும், உப்பு போகாது. அதனாலதான் ஓரம் கருகுது. குழாய்த் தண்ணியில இருக்கிற குளோரினும் ஃபுளோரைடும்கூட இதுக்கு ஆகாது.

இங்க நிறைய பேர் நல்ல மனசோட ஒரு தப்பு பண்றாங்க. ஆர்.ஓ. மெஷின் கழிச்சு விடுற தண்ணியை, வீணாக்க வேண்டாமேன்னு பிடிச்சுச் செடிக்கு ஊத்துறாங்க. நானும் ஒரு கோடை முழுக்க அப்படித்தான் ஊத்தினேன், ஒரு நல்ல செடி போயிடுச்சு. குடிக்கிற தண்ணியில இருந்து பிரிச்ச உப்பெல்லாம் அந்தத் தண்ணியிலதான் இருக்கு. அதை வீடு துடைக்க வச்சுக்கோங்க, மராண்டாவுக்கு வேண்டாம். தண்ணியைக் காய்ச்சி ஆற வச்சாலும் கரைஞ்ச உப்பு முழுசாப் போகாது. மழைத் தண்ணி இருந்தா அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். இல்லைன்னா ஆர்.ஓ.வுல வர்ற குடிதண்ணி ஒரு டம்ளர் போதும், சின்னச் செடிதானே.

எப்போ ஊத்தணும்? விரலை முதல் கணு வரைக்கும் மண்ணுல விட்டுப் பாருங்க. மேல் மண் காய்ஞ்சிருந்தா, அடி ஓட்டை வழியா வழியிற அளவுக்கு ஊத்துங்க. தட்டுல தேங்கினதைக் கொட்டிடுங்க. ஈரம் இருந்தா விட்டுடுங்க. தினமும் பழக்கத்துக்கு ஊத்தினா வேர் அழுகும், அடி இலை மஞ்சளாகும்.

அடுத்தது காத்து. சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்ல வெளிக்காத்துலயே ஈரம் இருக்கு. ஆனா செடியை ஏசி ரூம்ல வச்சோம்னா அந்த ஈரம் போச்சு. ஏசி காத்து நேராப் படாத இடமாப் பாருங்க. மதுரை, திருச்சி வெயில்ல, நாலஞ்சு செடியை நெருக்கமா வையுங்க. ஒண்ணு விடுற ஈரம் இன்னொண்ணுக்கு உதவும். ஸ்பிரே அடிச்சா பத்து நிமிஷத்துல காய்ஞ்சிடும், அதை நம்ப வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல்ல இருக்கிறவங்க குளிரைக் கவனிங்க, 15 டிகிரிக்குக் கீழ போனா செடி சோர்ந்திடும்.

வெளிச்சம் நல்லா வேணும், ஆனா உச்சி வெயில் கூடாது. மெல்லிசா ஒரு திரை போட்ட ஜன்னல் போதும். வெயில் நேராப் பட்டா இலையோட அழகான கோலமெல்லாம் வெளுத்திடும்.

மண்ணுக்கு, கோகோபீட் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, பெர்லைட் 1 பங்கு. கோகோபீட்லயும் உப்பு உண்டு. ரெண்டு மூணு தண்ணி மாத்தி அலசிப் பிழிஞ்சிட்டுக் கலக்குங்க. வேர் ஆழமா போகாது, அதனால அகலமான குட்டைத் தொட்டி எடுங்க.

இலைக்குப் பின்னாடி மெல்லிசா வலை மாதிரி தெரிஞ்சா அது சிலந்திப்பேன். பெரும்பாலும் வறண்ட காத்துலதான் வரும். ஈரத்துணியால இலையோட ரெண்டு பக்கமும் துடைங்க. அப்புறம் 1 லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புத் தண்ணி கலந்து, வெயில் இறங்கினப்புறம் அடிங்க.

புதுச் செடி வேணும்னா, மராண்டா தண்டைக் கணுவுக்குக் கொஞ்சம் கீழ வெட்டித் தண்ணியில வையுங்க, மூணு நாலு வாரத்துல வேர் விடும். இதோட சொந்தக்காரச் செடியான கலாத்தியாவை அப்படி வெட்டி வச்சா வராது, அடிக்கிழங்கோட பிரிச்சுத்தான் நடணும். நாய், பூனை வளர்க்கிற வீட்டுலயும் பயமில்லாம வைக்கலாம், ரெண்டு செடியும் அதுங்களுக்கு விஷம் இல்லை.

இன்னைக்கு சாயங்காலம் ஒரு தடவை உத்துப் பாருங்க. இலையும் காம்பும் சேர்ற இடத்துல, முழங்கை மாதிரி கொஞ்சம் தடிச்சிருக்கும். விரலால தொட்டாலே தெரியும். அதுக்குள்ள இருக்கிற செல்கள் ஒரு பக்கம் தண்ணியை ஏத்திக்கும், மறுபக்கம் இறக்கிவிடும். இலை நிமிர்றதும் படுக்கிறதும் அதனாலதான். நம்ம தெருவுல நிக்கிற தூங்குமூஞ்சி மரமும் புளியமரமும் ராத்திரி இலை மூடுறதும் இதே வழியிலதான். இலையை நிமிர்த்துறதே தண்ணிதான்னா, அந்தத் தண்ணி நல்லதா இருக்க வேண்டாமா?

கருகின ஓரம் மறுபடி பச்சையாகாது, அதைப் பார்த்து மனசு விட்டுடாதீங்க. நல்ல தண்ணி ஊத்த ஆரம்பிச்ச பிறகு, சுருட்டின வெத்தலை மாதிரி நடுவுல ஒரு குருத்து வரும். அது ஓரம் கருகாம விரிஞ்சா, செடி பிழைச்சிடுச்சுன்னு அர்த்தம்.

ஐப்பசி மழை வரும்போது, முதல்ல வர்ற அழுக்குத் தண்ணியை விட்டுட்டு, மொட்டைமாடிக் குழாய்க்குக் கீழ ஒரு டிரம் வையுங்க. கொசு வராம இறுக்கமா மூடி வையுங்க. உங்க மராண்டாவுக்கு அந்த ஒரு டிரம் தண்ணி பல மாசத்துக்குக் காணும்.